முறுக்கிப் பார்த்த பிறேம்

வெள்ளவத்தையில் புஷ்பராஜின் மூக்குக்கண்ணாடிக் கடையில் சாருஜா சேர்ந்து அன்றோடு மூன்று மாசம். ஐந்து மணிக்கு அவர் வேலையை நிரந்தரமாக்குவார், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்புவார். மூன்றரைக்கு மூக்கும் காதடியும் சிவந்துபோய் சிவபாதசுந்தரம் உள்ளே வந்தார். வந்தாரே மனுசன், நேரம் பார்த்து!

போன கிழமைதான் அவருக்கு அவள் டைட்டேனியம் பிறேம் ஒன்று விற்றிருந்தாள். தேங்காயையே மூன்று தரம் தட்டிப் பார்க்கிற சனம் எங்கட சனம், பிறேமைச் சும்மா வாங்குமா? அவள் அதை விரலில் சுற்றி முறுக்கிக் காட்டினாள். விட்டதும் டக்கென்று நிமிர்ந்தது. மனுசன் மயங்கிப் போனார்.

"நிக்கல் எனக்கு ஒத்துவராது பிள்ளை. மணிக்கூடு கட்டினாலே கடிக்கும்."

"இது டைட்டேனியம் அங்கிள், பயப்பிடாதேங்கோ."

இரண்டு நாள் கழித்துத்தான் பிறேம் வந்த பெட்டிக்குள் கிடந்த விவரத் துண்டுக் கடதாசியை வாசித்தாள். அந்த உலோகத்தில் பாதி நிக்கல்! அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது புஷ்பராஜ் அவள் காதோடு, "வேர்வைக்கு அப்படித்தான்னு சொல்லும்மா" என்றார்.

சொல்லியிருக்கலாம். அந்த மூக்கைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. வேறொரு பிறேமை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"பிழை என்ரைதான் அங்கிள். டைட்டேனியத்தோடை எதைக் கலக்கினமோ அதின்ரை குணம்தான் வரும். நிக்கல் கலந்ததாலைதான் அது முறுக்க முறுக்க நிமிர்ந்தது, உங்களுக்குக் கடிச்சதும் அதாலைதான். இந்தப் பிறேமிலை டைட்டேனியத்தோடை கலந்தது வனேடியமும் அலுமினியமும்தான். நிக்கல் இல்லை. நல்லா வளைஞ்சு குடுக்கும், ஆனால் கனக்க முறுக்கினால்..."

அவள் முடிக்கவில்லை. அதற்குள் மனுசன் விரலில் சுற்றி ஒரு முறுக்கு முறுக்கிவிட்டார், அவள் பழக்கிய பழக்கம்தானே! இந்தப் பிறேம் நிமிரவில்லை. காதில் மாட்டுகிற கைகளில் ஒன்று கோணிக்கொண்டு நின்றது.

புஷ்பராஜ் தலையில் கை வைத்தார். வேலை போச்சு என்று நினைத்தாள் சாருஜா. அதை நிமிர்த்தக் குறடு ஒன்று எடுக்க ஓடினாள்.

"பொறு பிள்ளை, தொடாதை!"

சிவபாதசுந்தரம் கோணல் பிறேமைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். அவருக்கு வலது காது கொஞ்சம் பதிவு, இடதைவிடக் கீழே. வாழ்நாளில் அவர் போட்ட கண்ணாடியெல்லாம் சரிந்தே இருந்தன. இது நேராக இருந்தது.

"முந்தினதை எவ்வளவு வளைச்சும் சரிவரேல்லையே?"

"அது நிமிர்ந்திடும் அங்கிள். இது வளைச்ச இடத்திலை நிக்கும்."

"அப்ப இதுக்குக் கண்ணாடியைப் போடு. திங்கக்கிழமை மகளின்ரை கலியாணம். படத்திலையாவது நேரா நிப்பம்."

ஐந்து மணிக்குப் புஷ்பராஜ் அவளைக் கூப்பிட்டார்.

"வேர்வைன்னு சொல்லச் சொன்னேன். நீ கேக்கல்ல."

"ஓம் அண்ணே."

"நாளைக்கு ஒம்பதுக்கு வா. பெட்டிக்குள்ள கிடக்கிற துண்டெல்லாத்தையும் எனக்கு வாசிச்சுக் காட்டு. நானும் ஒண்ணுகூட வாசிச்சதில்ல."

சாருஜா தலையாட்டினாள். பிறகு திரும்பி நின்று, கண்ணாடி துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்தாள்.