மேதகு சம்பந்தி

உலகத் தலைவர்களும் கனடாவின் மார்க்கம் நகரவாசிகளும் கவனிக்க: மேற்கு ஆபிரிக்காவின் ஒரிமா மாநிலத்தை இரண்டு தவணை ஆண்ட முன்னாள் ஆளுநரும் பின்னாள் செனற்றருமான மேதகு பொனிபஸ் எக்கேனே அவர்கள், சம்பந்தியின் காரில் பின் ஆசனத்தின் வலப்பக்கத்தில் அமர்ந்து, கோப்பி குடிக்கப் புறப்பட்டார்.

காரை ஓட்டியவர்தான் சம்பந்தி, அமிர்தநாதர். ஆளுநர்கள் பின்னால்தான் இருப்பார்கள் என்று செனற்றர் விளக்கியிருந்தார். மன்னாரில் பிறந்து, ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் கதவுக் கைப்பிடி பூட்டியே ஓய்வுபெற்ற அமிர்தநாதருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மகன் யூட்சன் செனற்றரின் மகள் இஃபியைக் கட்டியதால் வந்த பெருமை அது.

ஒரிமாவில் ஆளுநரை மக்களே தெரிவு செய்வார்கள். ஆட்சி செய்து களைத்தவர் ஓய்வெடுக்கச் செனற் சபைக்குப் போவார். பொனிபஸ் தன் காலத்தில் ஒரு விமானநிலையம் கட்டினார். திறப்புவிழாவுக்கு அவர் வந்த விமானம்தான் அங்கே இறங்கிய முதல் விமானம், கடைசியும் அதுவே. செனற்றில் ஒரேயொரு தடவை பேசினார், ஒலிவாங்கி வேலை செய்யவில்லை என்று. அடுத்த தேர்தலில் தன்னுடைய பழைய சாரதியிடம் தோற்று, மகளைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர், மூன்று குளிர்காலமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

பேரங்காடியின் கோப்பிக்கடை மூலையில் இருவரும் இருந்து ஒரிமாவை ஆளுவார்கள். "வீதி அமைச்சன் மைத்துனனுக்கு வேலை கொடுத்துவிட்டான். என்ன செய்யலாம், சம்பந்தி?" என்று செனற்றர் கேட்பார். அமிர்தநாதர் யோசித்து, தன் ஆங்கிலத்தில், "கலைச்சுவிடுங்கோ, எக்ஸலன்சி" என்பார். இந்த மாதம் மட்டும் அரை அமைச்சரவையைக் கலைத்துவிட்டார். நாற்பது வருடக் கனடாவில் யாரும் அவரிடம் என்ன செய்யலாம் என்று கேட்டதில்லை.

அன்று செனற்றர் கோப்பியைத் தொடவில்லை.

"கட்சிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். திரும்பி வந்து கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் போட்டியில் நில்லுங்கள் என்கிறார்கள். எனக்குப் பதவியில் ஆசையில்லை, சம்பந்தி. நான் உள்ளே வரும்போது கதிரைகள் பின்னுக்குப் போகும் சத்தம் இருக்கிறதே, அது ஒன்றுதான். இன்னும் யாராவது எனக்காக எழும்புவார்களா? தெரிந்தால் நாளைக்கே போவேன்."

இவர் போய்விட்டால் ஒரிமா போய்விடும். பிறகு தொலைக்காட்சியும் அமிர்தநாதரும்தான். பொன்னாடை ஒன்று விழுந்தால் மனிதரின் பசி ஆறிவிடும், ஆள் இங்கேயே இருந்துவிடும் என்று கணக்குப் போட்டார். ஊர் ஒன்றியத்தின் வருடாந்த ஒன்றுகூடலுக்குச் செனற்றரைப் பிரதம விருந்தினராக்கினார். தலைவர் கஸ்பர் உடனே சம்மதித்தார். போன வருடப் பிரதம விருந்தினர் வீடு விற்கும் முகவர்.

விழா ஆறு மணிக்கு. பிந்திப் போவது ஆட்சிக்கலை என்று செனற்றர் ஏழு மணிக்குத்தான் வந்தார். ஆறு மணி விழாவை ஏழு மணிக்குத் தொடங்குவது எங்கள் கலை. வாசலில் அவர் கால் வைத்த அதே கணத்தில், போரிலும் கடலிலும் இறந்த ஊரவர்களுக்காக எழுந்து நின்று அகவணக்கம் செலுத்தும்படி கஸ்பர் தமிழில் அறிவித்தார். முந்நூறு கதிரைகள் ஒன்றாகப் பின்னுக்குப் போயின. சபை எழுந்து, தலை குனிந்து, மூச்சுக்கூட விடாமல் நின்றது.

செனற்றர் நின்றுவிட்டார். கண் கலங்கியது. பிறகு வலக்கையை உயர்த்தி, மேசைகளுக்கு நடுவே மெல்ல நடந்தார். குனிந்த தலைகளுக்கு இரு பக்கமும் ஆசி வழங்கிக்கொண்டே போய் முன்வரிசையில் அமர்ந்தார். "அமரலாம்" என்றார் கஸ்பர். முந்நூறு பேரும் அமர்ந்தார்கள். ஒரிமாவில்கூட இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

"இஞ்சாருங்கோ," என்று மனைவி வேரோனிக்கா அமிர்தநாதரின் விலாவில் இடித்தாள். "உது செத்த சனத்துக்கெண்டு அந்த மனுசனுக்குச் சொல்லுங்கோவன்."

"சும்மா இரப்பா. அழுறாரெல்லே."

"ஆசீர்வாதமெல்லே குடுத்துக்கொண்டு போனவர்! பாப்பரசரே இவரிட்டைத் தோத்தார்."

பொன்னாடை விழுந்ததைச் செனற்றர் கவனித்ததாகவே தெரியவில்லை. வீடு திரும்பும்போது பின் ஆசனத்திலிருந்து குரல் வந்தது. "முந்நூறு பேர், சம்பந்தி. என்னை யாரென்றே தெரியாத முந்நூறு பேர். அப்படியானால் என் சொந்தச் சனம்?" அடுத்த நாள் விமானச்சீட்டு எடுத்தார். இஃபி "டாட், பிளீஸ்" என்று அழுதாள். யூட்சன் தகப்பனைத் தனியே இழுத்தான். "அப்பா, ஜஸ்ற் ரெல் ஹிம். அது அகவணக்கம் எண்டு நீங்க சொன்னா அவர் போகமாட்டார்."

"ஓம், சொல்லுறன்."

சொல்லத்தான் நினைத்தார். ஒரு வசனம் போதும். நாளைக்கும் கோப்பி, நாளைக்கும் ஒரிமா. விமானநிலையத்தில் செனற்றர் கையைப் பிடித்தபோதுதான் வாய் திறந்தது.

"எக்ஸலன்சி, அண்டைக்குச் சனம் எழும்பினது..."

"சொல்லுங்கள், சம்பந்தி."

அந்த முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல மலர்ந்து, பதிலுக்குக் காத்திருந்தது.

"மனசார எழும்பினதுகள்."

செனற்றர் அவரை இறுகக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் அமிர்தநாதர் அதே மூலைக்குப் போனார். எதிர்க் கதிரையில் யாரும் வந்து இருக்காதபடி தொப்பியை வைத்தார். வீதி அமைச்சனைத் திரும்ப எடுக்கலாமா என்று ஒருநாள் நெடுநேரம் யோசித்தார். கேட்க ஆளில்லை. கோப்பி ஆறியது. வெளியே பனி கொட்டியது. ஒரிமாவில் இப்போது எவ்வளவு வெயில் எரிக்கும், எத்தனை கதிரைகள் அசையும் என்று நினைத்துக்கொண்டார்.

வேட்பாளர் போட்டியில் செனற்றர் கடைசி இடத்தில் வந்தார்.