ஓரக்கல்லில் கட்டிய தூரி

1

இந்தக் கதை பந்தல் பிரிக்கும்போது கிடைத்தது. அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துப் பாகல் பந்தல் ஓய்ந்துபோய்விட்டது. அப்பா கம்பிகளை அறுத்து வேலிக்கு எடுத்தார். கல்தூண்களைப் பிடுங்கி மாட்டுக்கொட்டகைக்கு நட்டார். ஓரத்தில் இரண்டு கல் மட்டும் மிச்சம்.

"ஏனுங்கப்பா, அந்த ரெண்டு கல்லு எனக்கு வேணுங்க."

"உனக்கெதுக்கு அம்மணி கல்லு? தலைக்கு வெச்சுப் படுக்கறக்கா?"

"ஆடி நோம்பிக்குத் தூரி கட்டறக்குங்க. வருசா வருசம் அடுத்தவங்க தோட்டத்துல போயி வரிசையில நின்னுதான் ஆடோணுமா?"

அப்பா சிரித்தார். அவர் சிரித்தால் சரி என்று அர்த்தம்.

2

தொடக்கம் வரவில்லை.

'ஆடிக்காற்று பந்தலைப் பிடித்து—' வேண்டாம். எல்லோரும் காற்றில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

'மௌனிகாவுக்குப் பயமே கிடையாது.' இது நல்ல வரி. பொய் என்பது ஒன்றுதான் குறை.

(மௌனிகா நான்தான். நிஜப் பெயர் வெங்கடம்மாள். 1995இல் பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு வெங்கடம்மாள்! தங்கச்சிக்கு மட்டும் ஷ்ரவ்யா என்று வைத்தார்கள். கதை என்னுடையது, பெயரை நானே வைத்துக்கொள்கிறேன்.)

3

இன்று மத்தியானம் மௌனிகாவும் வகுப்புத் தோழி சாஜிதாவும் பந்தலின் பழைய இரும்புக் குழாயை இரண்டு கல்லுக்கும் குறுக்கே வைத்து, பந்தல் கம்பியாலேயே இறுக்கினார்கள். ஊஞ்சல் கயிற்றைச் சாஜிதா கட்டினாள்.

"முடிச்சு கெட்டியாப் போட்டுப்போட்டேன். தொங்கிப் பாருடி. பயமா இருந்தா நகரு, நான் தொங்கறேன்."

மௌனிகா தொங்கினாள்.

[இங்கே 'கல் அசையவில்லை' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.]

கல் அசைந்தது. சாஜிதா தன் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை.*

"எப்புடி இருக்குது?"

"சூப்பரா இருக்குதுடி."

இதை மௌனிகா சொல்லவில்லை. நான் சொன்னேன்.

* பந்தலின் ஓரக்கல்லை வெளிப்பக்கம் சாய்த்துத்தான் நடுவார்கள். கம்பி உள்ளே இழுக்கும், கல் வெளியே இழுக்கும். அந்த இழுபறியில்தான் கல் நிற்கிறது. கம்பியை அறுத்த அன்றே கல் குழிக்குள் தளர்ந்துவிட்டது. தொங்கியபோதுதான் எனக்கு இது புரிந்தது.

4

நாளைக்கு ஆடிப் பண்டிகை. சாயங்காலம் அப்பா தெருவுக்கே சொல்லிவிட்டார்: "நாளைக்கு நோம்பிக்கு அத்தன புள்ளைகளும் நம்ம தோட்டத்துக்கு வந்துருங்க. மொதல்ல எங்க சின்ன அம்மணி ஆடும்!"

சின்ன அம்மணி என்றால் ஷ்ரவ்யா. ஏழு வயது. புதுப் பாவாடையை இப்போதே போட்டுக்கொண்டு திரிகிறாள்.

கதைக்கு நான் யோசித்த முடிவுகள்:

கல் தாங்கிக்கொள்கிறது. எல்லோரும் ஆடுகிறார்கள். மௌனிகாவுக்கு ஊரெல்லாம் பேர்.

ஷ்ரவ்யா உயரே போகிறாள், பாவாடை விரிகிறது, அப்போது கல்— இதை எழுத மாட்டேன்.

அப்பாவே பார்த்துவிடுகிறார். இது கோழைத்தனமான முடிவு. நான் வாயைத் திறக்காமலே தப்பித்துவிடுகிறேன்.

மூன்றையும் கிழித்துப் போட்டேன். முதல் இரண்டில் கல் முடிவு செய்கிறது, மூன்றாவதில் அப்பா. அப்புறம் எழுதுகிறவள் எதற்கு?

5

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பயமாகத்தான் இருக்கிறது. விடிந்தால் ஷ்ரவ்யா உருண்டு புரண்டு அழுவாள். சாஜிதா முழுப்பரீட்சை வரைக்கும் 'பயந்தாங்கொள்ளி' என்பாள். தெருவுக்கே சொன்ன அப்பாவின் முகம் எப்படிப் போகுமோ. "அந்தக் கல்லு ஆடுதுங்கப்பா, நாந்தான் மறச்சுப்போட்டேன்" என்று நாலு தரம் சொல்லிப் பழகிவிட்டேன். நாலாவது தரம் குரல் நடுங்கவில்லை.

மௌனிகாவைக் கதையிலிருந்து அனுப்பிவிட்டேன். இதை வெங்கடம்மாள்தான் சொல்ல வேண்டும்.

தூரி இப்போது அங்கே இல்லை. இருட்டும்போதே போய்ச் சாஜிதாவின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துவிட்டேன். கயிறு என் பாய்க்கு அடியில் முதுகை உறுத்திக்கொண்டு கிடக்கிறது.

கதைக்கு முடிவு வேண்டும் என்கிறவர்கள் வாருங்கள், கயிற்றைத் தருகிறேன். அதற்கு முன்னால் ஒரு தரம் அந்தக் கல்லைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு முதலில் யாரை உட்கார வைப்பீர்கள் என்று சொல்லுங்கள்.