ஐந்து பேர் கையெழுத்து

அன்று கள்ளக்குறிச்சிக் கல்லூரியின் மாணவர் நல மையத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். தெய்வசிகாமணி, அவருடைய அண்ணன் தனசேகரன், அண்ணி பச்சையம்மாள், தெய்வசிகாமணியின் மனைவி கமலா, கமலாவின் தம்பி வேடியப்பன். மேசைக்கு அந்தப் பக்கம் ஆலோசகராக வேலை பார்க்கும் செவ்வந்தி. சுவரோரம், துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக, தெய்வசிகாமணியின் ஒரே மகள் பெரியநாயகி. கணக்கு இரண்டாம் ஆண்டு படிப்பவள். அந்த அறையில் மூன்று நாற்காலிதான் இருந்தது. மீதியைப் பக்கத்து வகுப்பிலிருந்து வேடியப்பன் தூக்கிக்கொண்டு வந்தான்.

வந்திருக்க வேண்டியவர் ஒருவர்தான்.

முந்தின நாள் காலை தெய்வசிகாமணி கரும்புக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஐயா, நான் காலேஜுல மாணவர் நல மையத்துல இருந்து செவ்வந்தி பேசறேங்க. பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. பெரியநாயகி ரெண்டு மாசமா சரியா தூங்கல, சாப்பிடல. நாளைக்குப் பதினோரு மணிக்கு நீங்க மட்டும் வந்துட்டுப் போக முடியுங்களா?"

"நான் மட்டுமா? இன்னா விஷயம்?"

"நேர்ல பேசிக்கலாங்க. நீங்க மட்டும் வாங்க."

அந்த 'மட்டும்' தெய்வசிகாமணிக்குப் பிடிக்கவில்லை. கச்சிராயபாளையத்தை அடுத்த அந்த ஊரில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆபீசோ, போலீஸ் ஸ்டேஷனோ, சம்பந்தி வீடோ, யார் கூப்பிட்டாலும் ஐந்து பேருக்குக் குறையாமல் போவார்கள். அவருடைய அப்பா ஒருமுறை வாய்க்கால் தகராறுக்காகத் தாலுகா ஆபீசுக்குத் தனியாகப் போனார். சாயங்காலம் வரை நிற்க வைத்து அனுப்பினார்கள். அவர் ஊர் திரும்புவதற்குள், அதிகாரியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார் என்று பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. காலைப் பிடிக்கவில்லை என்று சொல்லச் சாட்சிக்கு ஆள் இல்லை. அதிலிருந்து அந்த வீட்டில் யாரும் எங்கேயும் தனியாகப் போனதில்லை. பெரியநாயகியைக் கல்லூரியில் சேர்த்தபோதும் ஐந்து பேர்தான் போனார்கள். ஊருக்கும் கல்லூரிக்கும் முக்கால் மணி நேரம்தான் பஸ். ஆனாலும் வயதுப் பெண் தினமும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போவது குடும்பத்துக்கு அழகில்லை என்று தனசேகரன் சொல்ல, ஹாஸ்டலில் சேர்த்தார்கள்.

போன் வந்ததைச் சொன்னதும் தனசேகரன் சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"தனியா கூப்புடறாங்கன்னா இன்னா அர்த்தம் சிகாமணி? எதுலயோ கையெழுத்து வாங்கப் பாக்கறாங்க. காருக்குச் சொல்லு."

"நான் மட்டும் போய் இன்னான்னு கேட்டுக்கினு வரேண்ணா."

"அப்பாவும் அப்படித்தான் போனாரு."

தெய்வசிகாமணி காருக்குச் சொன்னார். பச்சையம்மாள் ஆப்பிளும் ஆரஞ்சும் ஒரு கூடையில் அடுக்கினாள். கமலா பூண்டுக் குழம்பைத் தூக்கில் ஊற்றிக்கொண்டாள். மகள் அதைத்தான் ஆசையாகச் சாப்பிடுவாள். வேடியப்பனுக்கு ஆள் போயிற்று. அவனுடைய மகனுக்குத்தான் பெரியநாயகி என்று அவள் வயதுக்கு வந்த அன்றே பேசி வைத்திருந்தார்கள். அவனை விட்டுவிட்டுப் போவது முறையில்லை.

காரிலிருந்து ஐந்து பேரும் இறங்குவதைப் பெரியநாயகி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பழக்கூடையை மேசைமேல் வைத்தாள் பச்சையம்மாள். செவ்வந்தி அதை மெதுவாக நகர்த்தினாள்.

"இதெல்லாம் வாங்கக் கூடாதுங்க அம்மா."

"எங்க பொண்ணப் பாக்க வெறுங்கையோடயா வருவோம்? உனக்கு எந்த ஊரும்மா?"

"வெள்ளிமலைப் பக்கங்க."

"மலையா?" பச்சையம்மாள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

தனசேகரன் காலை நீட்டி உட்கார்ந்தார். "உங்க ஊரு ஆளுங்க எங்க கரும்பு வெட்ட வருவாங்க."

"எங்க அப்பா இருசப்பனும் வந்திருக்காருங்க. உங்க வூட்டுல கூலி இழுத்தடிக்க மாட்டாங்கன்னு சொல்லுவாரு."

தனசேகரன் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது. செவ்வாய், வெள்ளி காலை பத்து முதல் மாலை நான்கு வரை. யாரும் வரலாம். கட்டணம் இல்லை. இங்கே பேசுவது வெளியே போகாது. கடைசி வரியை அவர் சத்தமாகப் படித்தார்.

"வெளிய போகாதாம். வெளிய போற மாதிரி எங்க வூட்டுல இன்னா நடந்துபோச்சு?"

"ஒண்ணும் நடக்கலைங்க. படுத்தா தூக்கம் வரல. படிச்சது மனசுல நிக்கல. காரணமில்லாம அழுகை வருது. இத உங்ககிட்ட சொல்லலாம்னு அவளே சொன்னா. இது ஒரு நோவுதாங்க. பெரியாஸ்பத்திரியில இதுக்கு டாக்டரு இருக்காங்க, பாத்தா சரியாயிடும்."

"காரணமில்லாம எவளும் அழ மாட்டா" என்றாள் பச்சையம்மாள்.

தனசேகரன் பெரியநாயகியைப் பார்த்து, அதட்டாமல், விலை கேட்பது போலக் கேட்டார். "யாரு அந்தப் பையன்?"

வேடியப்பன் நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

பெரியநாயகி பெரியப்பாவைப் பார்க்கவில்லை, மாமனையும் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.  தீபாவளிக்கு வந்தபோது இந்த முகம் இப்படி இல்லையே, அல்லது இப்படி இருந்தும் நான் பார்க்கவில்லையா என்று தெய்வசிகாமணி நினைத்தார்.

"பையன் யாரும் இல்லைங்க" என்றாள் செவ்வந்தி. "ஒரு பத்து நிமிஷம் எல்லாரும் வெளிய இருங்க. அப்பா மட்டும் இருக்கட்டும்."

கமலா உடனே எழுந்தாள். "நான் வெளிய போறேன்." பச்சையம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எங்களுக்குள்ள ஒளிவு மறைவு கெடையாது" என்றார் தனசேகரன். "என் தம்பி என் பேச்சத் தாண்ட மாட்டான். கேட்டுப் பாரு."

எல்லோரும் தெய்வசிகாமணியைப் பார்த்தார்கள். அண்ணனை வெளியே போகச் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை போதும்.  மச்சான் பார்க்கிறான், மலைக்காரப் பெண் பார்க்கிறாள், இவர்கள் முன்னால் அண்ணனை எழுப்பி அனுப்புவதா என்று அவர் யோசித்தார். யோசித்தது அரை நிமிஷம்கூட இருக்காது.

"எதா இருந்தாலும் பெரியப்பா எதிர்லயே சொல்லும்மா" என்றார்.

பெரியநாயகி துப்பட்டாவை விரலிலிருந்து அவிழ்த்தாள்.

"ஒண்ணும் இல்லப்பா."

"கேட்டியா?" என்றார் தனசேகரன் செவ்வந்தியிடம். "ஒண்ணும் இல்லியாம். உன் நோட்டுல இவ பேரு இருக்கக் கூடாது. பொண்ணு கட்டிக் குடுக்கற எடத்துல, பைத்தியத்துக்குப் பாத்தாங்கன்னு எவனாவது சொல்லிக்கினு திரியப் போறான்."

பெயரை அடிக்க முடியாது என்று செவ்வந்தி உறுதியாகச் சொன்னாள். அப்படியானால் எழுதித் தருகிறோம் என்று தனசேகரன் தாள் கேட்டு வாங்கினார். 'எங்கள் பெண்ணுக்கு உடலிலோ மனதிலோ எந்தக் குறையும் இல்லை. இனி எந்த ஆலோசனையும் தேவையில்லை.' ஐந்து பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். கமலாவின் கை மட்டும் தாமதித்தது. தெய்வசிகாமணி பேனாவை அவள் பக்கம் நீட்டிக்கொண்டே இருந்தார். அவளும் போட்டாள்.

பெரியநாயகி அம்மாவிடமிருந்து குழம்புத் தூக்கை வாங்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனாள்.  கார் கேட்டைத் தாண்டியதும், "இனிமே கூப்புட மாட்டாங்க" என்று தனசேகரன் சொன்னார்.

இருபதாம் நாள் ஹாஸ்டலிலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பெண் திங்கட்கிழமை ஆகியும் ஏன் திரும்பவில்லை என்று கேட்டார்கள்.

மூன்று நாள் அவர்கள் போலீசுக்குப் போகவில்லை. சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். ரிஷிவந்தியத்தில் சித்தப்பா வீடு, சங்கராபுரத்தில் தங்கை வீடு. கோயிலுக்கு வந்தோம், இந்தப் பக்கம் ஒரு நிலம் பார்க்க வந்தோம் என்று காரணம் சொன்னார்கள். காப்பி குடித்துக்கொண்டே தெய்வசிகாமணி வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்ப்பார். மகளின் நீலவார்ச் செருப்பு எங்கேயும் இல்லை. திரும்பும் வழியில் கமலா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு வந்தாள். வண்டியில் டிரைவர் இருந்தான்.

நான்காம் நாள் புகார் கொடுத்தார்கள். மேலும் இரண்டு வாரம் கழிந்து ஒரு திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறாள், வயது வந்த பெண், அங்கே ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று ஏட்டு படித்துக் காட்டினார். 'என் விருப்பத்தில் வந்தேன். வேலை செய்கிறேன். வீட்டாரைப் பார்க்க விருப்பமில்லை. யார் மேலும் புகார் இல்லை.'

"எழுத்து உங்க பொண்ணுதுதானே?"

தெய்வசிகாமணி தலையாட்டினார். 'யார் மேலும் புகார் இல்லை' என்ற வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் ஏறினார். ஐம்பத்திரண்டு வயதில், ஒரு ஆபீசுக்குத் தனியாகப் போவது அவருக்கு அதுதான் முதல் தடவை. நல மையத்தின் வாசலில் இரண்டு மாணவர்கள் காத்திருந்தார்கள். அவரும் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார். முறை வந்ததும் உள்ளே போனார்.

"உனக்குத் தெரியுமாம்மா, அவ ஏன் போனா?"

"அவ இங்க பேசினத நான் சொல்லக் கூடாதுங்க ஐயா."

"எழுதி ஒட்டியிருக்கே. தெரியும்." அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "பையன் யாராவது..."

"இல்லைங்க. அன்னிக்கும் சொன்னேனே."

அவர் எழுந்திருக்கவில்லை. செவ்வந்தி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உங்ககிட்ட சொல்லணும்னு அவ என்கிட்ட சொன்னது ஒண்ணு இருக்குங்க. அத மட்டும் சொல்றேன். அன்னிக்கு உங்கள மட்டும் வரச் சொன்னது நான் இல்ல. வூட்டுல யாரக் கூப்புடலாம்னு கேட்டப்போ, அப்பா மட்டும் போதும்னா. அம்மா அழுதுடுவாங்க, அப்பான்னா தாங்குவாருன்னா. டாக்டருகிட்ட போறதுக்குப் பயமா இருக்கு, அப்பா கூட வந்து பக்கத்துல ஒக்காந்தா போயிடுவேன், அத அவருகிட்ட நானே கேக்கறேன்னு சொன்னா."

தெய்வசிகாமணி மடியிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"யாரு கையெழுத்தும் வேணாம், நான் கூட்டிக்கினு போறேன்னு அப்பால சொல்லிப் பாத்தேங்க. ஒரு தடவதான் வந்தா. அஞ்சு பேரும் குறை இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க மேடம், இப்ப நான் ஆஸ்பத்திரிக்குப் போனா அவங்க பொய் எழுதினதா ஆயிடும், வேணாம்னுட்டா."

"அப்படியா சொன்னா?"

"ஆமாங்க."

அவர் மகள்தான். குடும்பத்தின் பேரை அவரைவிட நன்றாகவே காப்பாற்றியிருந்தாள்.

"அந்தத் தாளக் குடும்மா" என்றார். "என் பேர அடிச்சிடறேன்."

செவ்வந்தி கோப்பைத் திறந்து தேடி எடுத்துக் கொடுத்தாள். அவர் தன் கையெழுத்தை அடித்தார். கமலாவின் கையெழுத்தையும் அடித்தார். பிறகு அதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தார். வெளியே அடுத்த மாணவன் கதவைத் தட்டினான்.

அந்த வாரமே திருப்பூருக்கும் தனியாகப் போனார். கம்பெனி கேட்டில் இருந்த காவல்காரப் பெண் பெயரைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். வெயிலில் அரை மணி நேரம் நின்றார். அவள் மட்டும் திரும்பி வந்தாள்.

"அப்பா தனியாவா வந்திருக்காருன்னு கேட்டுச்சுங்க. ஆமான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சுவத்தப் புடிச்சுட்டு நின்னுச்சு. அப்புறம், போகச் சொல்லுங்கக்கான்னு உள்ள போயிருச்சுங்க."

"சாப்பிடறாளா? தூங்கறாளா? கேட்டியாம்மா?"

"அதெல்லாம் நான் கேக்கலீங்களே."

பழம் வாங்கி வந்திருந்தார். அதை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தார்.

வேடியப்பன் தை மாதத்தில் மகனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தான். பத்திரிகை வைக்க வந்தவன், வாசலிலேயே அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனான். தனசேகரன் தம்பியிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். தன்னைக் கேட்காமல் கல்லூரிக்குப் போனதற்காக. கமலா வெள்ளிக்கிழமைதோறும் பூண்டுக் குழம்பு வைக்கிறாள். வைத்துவிட்டு அவளும் சாப்பிடுவதில்லை, அவரும் சாப்பிடுவதில்லை.

பெரியநாயகி தன்கூடப் படித்த மலைப் பையன் ஒருவனோடு போய்விட்டாள், செவ்வந்திதான் வெள்ளிமலையில் வைத்துக் கல்யாணம் செய்து கொடுத்தாள் என்று கச்சிராயபாளையத்தில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி ஒரு பையன் இல்லை. கல்யாணம் எதுவும் நடக்கவில்லை. செவ்வந்தி அவளை எங்கேயும் அனுப்பவில்லை. பெரியநாயகி அந்த வெள்ளிக்கிழமை மதியம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் ஏறினாள். கூட யாரும் இல்லை.