நடு ஸ்பீக்கர்

சிம்பாங் ரெங்கத்தில் ரூபினியின் குரல் அவள் வாய்க்கு முன்னால் வரத் தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது. "டீ ஆறிப்போச்சும்மா" என்று குரல் கேட்டது. டீயை அவள் அதற்குப் பிறகுதான் குடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயை அசைத்தாள், சத்தம் வரவில்லை. எதிரில் நின்ற அம்மா மலரின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. எழுந்தவுடன் கண்ணிமைக்கும் நேரம்தான் குரல் முந்தியது. மணிக்கு இரண்டரை நிமிடம் வீதம் அது ஏறிக்கொண்டே போனதால், மாலை ஆறரைக்கு அவள் பேசப்போவதை வீடு ஆறு மணிக்கே கேட்டுவிட்டது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும், பிறகு மறுபடி ஏறும். கிளினிக் டாக்டர் தொண்டைக்கு மாத்திரை கொடுத்தார். வேறென்ன கொடுப்பார்.

காரணத்தை ரூபினியே கண்டுபிடித்தாள். பொறியியல் படித்தவள், அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதற்கு முந்தைய வாரம்தான் செல்வாவோடு அவளுக்கு நிச்சயம் நடந்திருந்தது. படம் பிடித்தவர் சித்தப்பா முறையான குணாளன். நாதஸ்வரம் பின்னாலிருந்தும் கூட்டத்தின் சத்தம் பக்கவாட்டிலிருந்தும் கேட்கும்படி ஆறு ஸ்பீக்கர் ஒலி அமைத்து, நடு ஸ்பீக்கருக்கென்று பெண்ணின் சேலையில் ஒரு சின்ன மைக் குத்தியிருந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா அமெரிக்காவில் இருக்கிறார். நம் ஊர் பால் (PAL) முறை வீடியோத் தட்டு அவர் வீட்டுப் பழைய டிவிப் பெட்டியில் ஓடாது, அந்த நாட்டு என்டிஎஸ்சி முறைக்கு மாற்ற வேண்டும். இங்கே நொடிக்கு இருபத்தைந்து படம். அதை இருபத்து நான்காகத் தளர்த்தி அனுப்பினால், ஒலியையும் அதே அளவுக்கு இழுக்க வேண்டும். இழுத்தால் குரல் கொஞ்சம் தடிக்கும். குணாளன் எல்லாவற்றையும் ஒழுங்காக இழுத்துப் போட்டுக் காட்டினார். செல்வாவின் அம்மா பிரேமலாவுக்குப் பிடிக்கவில்லை.

ரூபினி குணாளனின் வீடியோ கடைக்குப் போய் நின்றாள்.

"சித்தப்பா, நடுவ மட்டும் இழுக்காம வுட்டுட்டீங்களா?"

"சம்பந்தியம்மாதான் சொன்னாங்க. மருமக கொரலு ஆம்பள கொரலு மாதிரி இருக்கு, அமெரிக்காவுல சிரிப்பாங்கன்னு. மத்த அஞ்சயும் இழுத்தேன், ஒன்னோடத அப்படியே வுட்டேன்."

"படம் மெதுவா ஓடும், என் கொரலு மட்டும் முன்னால ஓடும். தெரியாதா ஒங்களுக்கு?"

"தெரியும் லா. ஆனா பொம்பள கொரலு மெலிசா இருந்தாதான அழகு?"

தட்டு கப்பலேறிவிட்டது. மூலப்பதிவின் மேல் அவர் ஏற்கெனவே ஒரு தீமிதித் திருவிழாவைப் பதிந்துவிட்டார். திருத்த வழியில்லை. ஒரு பெண்ணின் குரல் எவ்வளவு தடிமன் இருக்கலாம் என்று இரண்டு பேர் கடையில் நின்று முடிவெடுத்தார்கள், அவளைக் கேட்கவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

கெலாங் பாத்தாவில் ஒரு தொழிற்சாலை வேலைக்கான நேர்முகத்தில், கேள்விகளுக்கு முன்பே பதில்கள் வந்துவிட்டன. மூன்று அதிகாரிகளும் அவற்றைக் குறித்துக்கொண்டு, பிறகு முறைப்படி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார்கள். அவள் சத்தமில்லாமல் வாயசைத்தாள். வேலை கிடைத்தது. தோட்டத்துச் செம்பனைப் பழம் ஏற்றும் லாரி ஓட்டும் அப்பா காளியப்பன் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பிரேமலா வீட்டுக்கு வந்து, எங்க வீட்டு மருமக வேலைக்குப் போற வழக்கம் இல்ல என்றாள். காளியப்பன் தலையாட்டினார். ரூபினி பேசவில்லை. வரப்போகும் குரலுக்காக எல்லோரும் காது கொடுத்தார்கள், அதுவும் வரவில்லை. சம்மதம் என்று எழுந்து போனார்கள்.

கல்யாணத்தன்று அலங்காரத்துக்காக மூன்று மணிக்கே எழுப்பிவிட்டதால், முகூர்த்த வேளையில் இடைவெளி கால் மணி நேரமாகியிருந்தது. ஐயர் தேங்காயில் பூ வைத்துக்கொண்டிருந்தபோது மணவறையில் அவள் குரல் தெளிவாக எழுந்தது.

"புடிச்சு அழுத்த நான் ஒண்ணும் ஒங்க வூட்டு மாடு இல்ல. கையெடுங்க. இந்தக் கல்யாணம் வேணாம்."

மேளம் நின்றது. மண்டபத்தில் முந்நூறு பேர். அத்தனை பேரையும் விட அதிர்ந்தவள் ரூபினிதான். அவள் அதுவரை கொண்டை ஊசி குத்துவதைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள். யார் கையும் அவள் மேல் இல்லை.

"அலமாக்! படிச்ச பொண்ணு வேணாம்னு அப்பவே சொன்னேன்" என்று பிரேமலா தலையில் அடித்துக்கொண்டாள்.

காளியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வாயி இன்னும் வரல. ஐயரே, சீக்கிரம்! மாப்ள, அது வர்றதுக்குள்ள கட்டிருங்க!"

குரல் வந்தபின் வாயைத் தடுத்துப் பார்த்தவர் அதுவரை யாருமில்லை. அன்று எல்லோரும் முயன்றார்கள். மலர் ஓடிவந்து மகள் வாயில் ஒரு முழு லட்டை அடைத்தாள். ஐயர் பாதி மந்திரங்களை விழுங்கினார். ரூபினி எழப் பார்த்தாள். மாமன்மார் இருவர் ஆளுக்கொரு தோளை இரு கையாலும் பிடித்து உட்கார வைத்தார்கள். காளியப்பன் பிடரியில் கை வைத்து, மகளின் தலையைக் கயிற்றுக்குத் தோதாகக் குனிய வைத்து அழுத்தினார். பட்டமளிப்புப் படத்தைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்த அதே மனுஷன். அவள் கண்ணை மட்டும் தூக்கிச் செல்வாவைப் பார்த்தாள்.

"அப்பறம் பேசிக்கலாம் லா ரூபி. எல்லாரும் பாக்குறாங்க" என்று அவன் கயிற்றை எடுத்தான்.

அப்போதுதான் மலர் அந்தக் கைகளைப் பார்த்தாள். ஐந்து கைகள். எதற்காக மகள் அப்படிச் சொன்னாள் என்று கால் மணி நேரமாக விளங்காதது அவளுக்கு விளங்கியது. குனிந்து, தான் அடைத்த லட்டைத் தன் விரலாலேயே தோண்டி வெளியே எடுத்தாள்.

"சொல்லு" என்றாள்.

ரூபினி தலையை நிமிர்த்திச் சொன்னாள். சத்தம் இல்லை. உதடுகள் மட்டும் மாடு என்றன, கையெடுங்க என்றன, வேணாம் என்றன. என்ன சொன்னாய் என்று முந்நூறு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மாமன்மார் கையை எடுத்தார்கள், காளியப்பனும் எடுத்தார். செல்வா கயிற்றைத் தட்டில் திரும்ப வைத்தான். சமைத்த சாப்பாடு வீணாகக் கூடாதென்று இரு வீட்டாரும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிரேமலா இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கினாள்.

ரூபினி இப்போது கெலாங் பாத்தாவில் வாடகை வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள். அவள் பேச வேண்டிய கூட்டங்களைத் தொழிற்சாலையில் காலையிலேயே வைத்துவிடுகிறார்கள். பிற்பகலில் வைத்தால், கொஞ்சம் முன்னதாக வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.