கோட்டுக்கு வந்த தொந்தி

கோட்டுப் பொத்தான் தெறித்து நிலைக்கண்ணாடியில் விரிசல் விட்டபோது, தொந்தியார் இன்னும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றிருந்தார். இனி அடக்கிப் பயனில்லை என்று தெரிந்ததும் மெல்ல விட்டார். தொந்தி தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

“நூறு வருஷத்துக்கு மேல எந்தப் போரும் ஒண்ணும் பண்ணாத கோட்டு, மாமா. நீங்க ஒரே மூச்சுல முடிச்சிட்டீங்க” என்றான் மச்சினன்.

“அளவு பாத்தேன்டா. பொம்மைக்கு எவ்வளவு பஞ்சு வைக்கணும்னு தெரிய வேண்டாமா?”

பொய். பழைய துணி விற்கும் எவரும் அதைப் போட்டுப் பார்க்க மாட்டார்கள். இற்றுப்போன நூல் தாங்காது. கடைக்கு வருகிறவர்களிடம் விரலை ஆட்டி ஆட்டி இதைச் சொல்வதே தொந்தியார்தான். கோட்டை விற்ற அம்மாள்கூட, “போட்டுப் பாக்க மாட்டீங்கல்ல?” என்று வாசல்வரை வந்து கேட்டார். “சேச்சே, தொழில் தர்மம்மா” என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லியிருந்தார். ஆனால் கருஞ்சிவப்புத் துணி, சரிகை வேலை செய்த கழுத்துப்பட்டி, எந்தக் காலத்துப் படைத்தலைவனோ போட்டது. கண்ணாடி வேறு எதிரே இருந்து தொலைத்தது.

பொத்தானைத் தைத்து, கோட்டைத் தலையில்லாத மரப்பொம்மைக்கு மாட்டி, நெஞ்சில் கொஞ்சம் பஞ்சு வைத்தார்கள். மறுநாள் கடை திறந்தபோது கோட்டின் வயிறு லேசாக உப்பியிருந்தது.

“ஏன்டா, இங்கயும் பஞ்சை அடைச்சியா?”

“நான் தொடவே இல்ல மாமா.”

அந்த வாரமே தொந்தியாருக்குக் கால்சட்டை நழுவ ஆரம்பித்தது. “எனக்குத் தெரியாம வாக்கிங் போறீங்களாக்கும்?” என்று மனைவி பூரித்துப்போனாள். செய்யாத சாதனைக்குப் பாராட்டு வந்தால் மறுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. நாக்கைக் கட்டுவது எப்படி என்று பக்கத்துக் கடைக்காரருக்கு உபதேசமே செய்தார்.

கோட்டுக்கோ தொந்தி நன்றாக விழுந்துவிட்டது. வெறும் தொந்தியல்ல, சற்றே இடப்பக்கம் சாய்ந்த தொந்தி. தோளும் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. அந்தத் தாழ்ந்த தோளை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டே திரும்பியவர், விரிசல் விட்ட கண்ணாடியில் தன் தோளையே பார்த்தார்.

மச்சினன் பொத்தான்களைக் கழற்றினான். உள்ளே மரக்கட்டையும் அவர்கள் வைத்த பஞ்சும்தான். அதற்கும் துணிக்கும் நடுவே ஒன்றுமில்லை. ஆனாலும் துணி சரியாமல் நின்றது. கையை உள்ளே விட்டவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

“கதகதன்னு இருக்கு மாமா.”

அன்று முழுக்க அவன் ஒரு கேலியும் பேசவில்லை. கடையைப் பூட்டும்போது மட்டும், “நான் வேணா ஒரு தடவை போட்டுப் பாக்கட்டுமா? என்னதான்னு தெரிஞ்சிடும்” என்றான்.

“கிட்ட போனே, காலை உடைச்சிருவேன்!”

அவனிடம் குரலை உயர்த்தியது அதுவே முதல்முறை. ஏன் கத்தினோம் என்று அவருக்கே புரியவில்லை.

பிறகு மோதிரம் தானாகக் கழன்று விழுந்தது. சாப்பிடும்போது முதுகைத் தடவிய மனைவியின் கை, எலும்பு தட்டியதும் ஒரு கணம் நின்றது. இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். அதுதான் அவரை உலுக்கியது. கைக்குட்டையால் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கோட்டு விற்ற அம்மாளின் வீட்டுக்குப் போனார்.

“வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க.”

“வெளியில மழைம்மா.”

“கோட்டு நல்லா இருக்கா?”

“என்னைவிட நல்லா இருக்கு.”

அம்மாள் அவரை ஏறிட்டுப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“உங்க வீட்டுக்காரரும் போட்டாரா?”

“நீங்க போட மாட்டேன்னு சொன்னீங்களே.”

“தப்புதான். அவர் எப்படிம்மா போனாரு?”

“இந்த மழை விடாது போலிருக்கே.”

“எரிச்சுத் தொலைச்சிடட்டுமா?”

“எரிச்சா, இப்ப அதுக்குள்ள இருக்கறது யாருங்க?”

வாழ்நாள் முழுக்கப் பேச்சை மழுப்பியே பிழைத்தவர் தொந்தியார். பிறர் மழுப்பினால் இப்படி வலிக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

“அம்மா, வீட்ல ஒருத்தி எதுவும் கேக்காம சோறு போட்டுட்டு இருக்கா. இது நிக்குமா, நிக்காதா? அதை மட்டும் சொல்லுங்க.”

அம்மாளின் கை நின்றது. முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

“நிக்காதுங்க. வேற ஒருத்தர் போட்டாத்தான் உங்கள விடும். எங்க வீட்ல அப்ப இருந்தது எங்க பையன் மட்டும்தான். அவர் கடைசி வரைக்கும் அவனைக் கோட்டுக் கிட்ட வர விடல.”