இரண்டாவது பொத்தான்

தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் இரண்டு பொத்தான்கள் தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கும் அச்சு இறங்கும். இரண்டு கைகளும் பொத்தானில் இருக்கும்போது அச்சுக்கடியில் கை போகவே முடியாது. அதுதான் சூட்சுமம்.

ஒரு கை தகட்டை நகர்த்தட்டும் என்று, வலது பொத்தானை அழுத்தி அதன்மேல் முதலில் டேப் ஒட்டியவன் நான். பட்டறையில் நான்தான் மூத்தவன். ஒரே வாரத்தில் மற்ற எட்டு மெஷின்களிலும் ஒட்டிவிட்டார்கள்.

அங்கேயே வேலை பார்த்த என் மனைவியின் தம்பி மட்டும் முதலில் தயங்கினான். “இது சரியா மாமா? நீங்க வேணாம்னு சொன்னா எல்லாரும் எடுத்துடுவாங்க.”

“உங்க அக்கா மாதிரியே பயப்படுறியே,” என்றேன். சிரித்துக்கொண்டே அவனும் ஒட்டினான்.

போன மாதம் அவனுடைய வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

மேனேஜர் டேப்பை எடுக்கச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள், யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் மெஷினில் இருந்ததை நான் கிழித்தேன். மதியத்துக்குள் ஒன்றிலும் டேப் இல்லை.

மாலையில் அவனைப் பார்க்கப் போனேன். இடக்கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

“எல்லாரும் எடுத்துட்டாங்களாமே மாமா?”

“ஆமாடா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலடா,” என்றேன்.