இடுப்புக் கயிற்றில் ஒரு நட்டு

தேயிலை விலை படுத்த படுக்கையாகி, தோட்டத்துப் பேக்டரி மூடி ஒன்றரை வருஷம். அத்தனை நாளும் பரமசிவன் இடுப்பில் ஒரு பித்தளை நட்டோடுதான் நடமாடினார். ஏதோ சுண்டைக்காய் நட்டு அல்ல, வாத்து முட்டை கெட்டது போங்கள்! அரைஞாண் கயிற்றில் தாயத்தோடு அது உரசுகிற சத்தத்துக்கு, கோயில் யானை வருகிறதென்று லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகள் வாழைப்பழத்தோடு ஓடிவரும்.

பேக்டரியில் அவர் ஓட்டிய, கொழுந்து உருட்டும் மிஷினின் நட்டு அது. கோயம்புத்தூருக்கு ரிப்பேருக்கு என்று மானேஜர் சொல்லி மிஷினை லாரியில் ஏற்றியபோது, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து அனுப்பியவர் பரமசிவன். வைத்த கையோடு நட்டையும் கழற்றிக்கொண்டார். “இது இல்லாம அவன் ஓடமாட்டான். சொகமாகி எங்கிட்டத்தான் வந்தாகணும்” என்றார்.

மிஷின் வரவில்லை. வாழைப்பழப் பிள்ளைகளும் தாய் தகப்பனோடு திருப்பூர் பஸ் ஏறிவிட்டன. லயத்தில் கடைசியாகப் புகைவது அவர் மனைவி ஆண்டாயியின் அடுப்பு. பனியன் கம்பெனியில் இருக்கும் மகள் சரிதா வீடு பார்த்து வைத்துக்கொண்டு கூப்பிட்டபடி இருந்தாள். “மிசின் வந்துரட்டும்” என்பார் இவர்.

“திங்கக்கிழமை நான் மககிட்டப் போறேன். நீங்க நட்டோட குடும்பம் நடத்துங்க” என்றாள் ஆண்டாயி. “அதுக்கு முன்ன அந்தக் கோட்டைக்குள்ள ஒருக்கா போகணும். ஆயுசுபூரா அதுக்குக் கீழ கொழுந்து எடுத்துருக்கேன்.”

குன்னூருக்கு மேலே, தோட்டத்தை உண்டாக்கிய துரை கட்டிய கோட்டை அது. இப்போது மியூசியம். தோட்டத்து ஆட்களுக்குச் சனிக்கிழமை இலவசம்; அன்றைக்கே இருவரும் போனார்கள்.

முதல் கூடத்தில் ஓவியங்கள். ஒரு துரையின் மீசையில் லயத்துத் துணி மொத்தமும் காயப்போட்டு, மிச்ச இடத்தில் வடகமும் பிழியலாம். பக்கத்தில் துரைசாணி.

“இந்தப் பொம்பள ஏன் இப்பிடி மொறைக்கிறா? நிறுவையில நம்ம கூடையக் கொறச்சவ இவளாத்தான் இருக்கும்” என்றாள் ஆண்டாயி. பரமசிவன் சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் அடுத்த கூடத்தில் கால் வைத்தார்.

நடுவில் நின்றது அவருடைய மிஷின்.

காலடியில் சிவப்புக் கம்பளம், சுற்றிலும் கயிறு, தலைக்கு மேலே விளக்கு. ‘பழங்காலத் தேயிலை இயந்திரம்’ என்று பலகை. இடுக்கில் அவர் வைத்த குங்குமம் இன்னும் காய்ந்து கிடந்தது. நட்டு இருக்க வேண்டிய இடத்தில் தங்கப் பெயின்ட் அடித்த மரக்கட்டை.

“ஏனுங்க, தொடக்கூடாதுங்க” என்றார் காவலாளி நாச்சிமுத்து.

“ரிப்பேரு முடிஞ்சிருச்சா?”

“ரிப்பேருங்களா? லாரி நேரா இங்கதானுங்க வந்துச்சு. உள்ளுக்கு இருந்ததயெல்லாம் கழட்டி எடைக்குப் போட்டுட்டாங்க. வெறும் கூடுங்க.”

பரமசிவன் கயிற்றைத் தாண்டி விரலால் தட்டினார். காலிக் குடம் போல ஒலித்தது. கண்ணுக்கெட்டிய மேட்டில் இது நிற்க, கோயம்புத்தூர் ரோட்டையல்லவா இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரைப் பார்த்துத் திரும்பி வேட்டியை நெகிழ்த்தினார்.

நாச்சிமுத்து அலறிவிட்டார். “ஏனுங்க! ஏனுங்க! அதுக்குப் பின்னாடி தனி ரூம் இருக்குதுங்க!”

கோட்டையே குலுங்கும்படி சிரித்திருக்க வேண்டிய ஆண்டாயி, சிரிக்கவில்லை.

பரமசிவன் நட்டை அவிழ்த்தெடுத்தார். மரக்கட்டையைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் நட்டைத் திருகினார். கைக்குப் பழகிய மரை, வழுக்கிக்கொண்டு ஏறியது. துண்டு நுனியால் துடைத்தார்.

“அடடா, இப்பத்தானுங்க பாக்க முழுசா இருக்குது!” என்றார் நாச்சிமுத்து சந்தோஷமாக.

“ஆமாங்க” என்றார் பரமசிவன்.

வெளியே பனி இறங்கியிருந்தது. சரிவில் ஆள் வெட்டாத தேயிலை, செடியாக இருந்ததை மறந்து மரமாகிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் நடந்தார். இடுப்பில் சத்தமே இல்லை. பிடுங்கிய கட்டை இன்னும் கையில் இருந்தது.

“திங்கக்கிழமை எத்தன மணிக்குப் பஸ்ஸு?”

இந்தக் கேள்விக்காகத்தான் ஒன்றரை வருஷம் வாயடித்தாள் ஆண்டாயி. அவர் கையிலிருந்த கட்டையை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். அடுப்பு இன்னும் ஒரு நாள் எரிய வேண்டியிருந்தது.